மதகு மூடுவதற்கு முன்

ஜூன் 9, ஞாயிறு

காலை ஐந்தரைக்கே மோட்டார் சைக்கிளை எடுத்துவிட்டேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பாகான் செராய் பட்டணத்தைத் தாண்டி எங்கள் பழைய தோட்டத்துக்குப் போகிற செம்மண் பாதையில் ஒரு பக்கம் செம்பனை, மறுபக்கம் நெல். நடுவில் ஓடுவது தாலி ஆயர். வாய்க்கால் என்று புத்தகத்தில் எழுதலாம், இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. மூன்று மீட்டர் அகலம் இருந்தால் அதிகம். லயத்தில் இருந்த காலத்தில் பெரியப்பா எங்களை வரிசையாக உட்கார வைத்து, மூங்கில் தூண்டிலில் மண்புழு கோத்துக் கொடுத்த கரை இதுதான். இப்போது அதே கரையில் நான் ஃபிளை வீசுகிறேன், இறகும் நூலும் கட்டிய பொய் இரை.

ராட், அதாவது தூண்டில் கோல், அக்கா மகன் கொடுத்தது. அமெரிக்காவில், வயோமிங்கில் வேலை பார்க்கிறான், போன தீபாவளிக்கு வந்தபோது விட்டுவிட்டுப் போனான். நான்காம் எண் ராட், டிரௌட் என்கிற குளிர்நீர் மீனுக்கென்றே செய்தது. அவன் அங்கே பிடிப்பதும் பெரும்பாலும் வாய்க்காலில்தானாம். பனி உருகி வரும் ஆற்றை மதகு வைத்து மாட்டுத் தீவனப் புல் வயல்களுக்குத் திருப்புகிறார்கள். ஆற்றோடு வரும் டிரௌட்டும் தண்ணீரை நம்பி வாய்க்காலுக்குள் திரும்பிவிடுகிறது.

டிரௌட் நம் தண்ணீரில் பிழைக்காது. 25 டிகிரியைத் தாண்டினாலே அதற்கு உயிர் போகும். இன்று காலை ஏழு மணிக்கு நான் வெப்பமானியை விட்டுப் பார்த்தபோது 27. ஆனால் அவன் சொல்லிக் கொடுத்த ஒன்று இங்கேயும் அப்படியே பொருந்துகிறது: வாய்க்காலைப் பார்க்காதே, வாய்க்கால் எங்கே மாறுகிறது என்று பார். ஓட்டம் வேகமாக வந்து சட்டென்று தளரும் இடம், குழாய்ப் பாலத்தின் நிழல், கரை இடிந்து குழி விழுந்த வளைவு, வயலுக்குத் தண்ணீர் பிரியும் சின்ன மதகின் வாய். மீதி நூறு மீட்டரில் ஒன்றும் இருக்காது.

இரண்டு புயூ (பனையேறிக் கெண்டை), ஒரு லாம்பாம் (கெண்டை வகை). புயூவைக் கழற்றும்போது செவுள் முள் கட்டைவிரலில் ஏறிவிட்டது. எல்லாவற்றையும் திரும்ப விட்டேன். இந்த வாய்க்கால் மீனை நான் வீட்டுக்குக் கொண்டு போவதில்லை. விதைப்பு சமயத்தில் தங்க நத்தையைக் கொல்லத் தேயிலை விதைத் தூள் போடுகிறார்கள். அதில் இருக்கும் சப்போனின் மீனின் செவுளையும் விட்டுவைக்காது. நத்தை மட்டும் எப்படியோ தப்பித்துக்கொள்கிறது. இன்றும் நெல் தாளெல்லாம் ரோஜா நிறத்தில் அதன் முட்டைக் கொத்து.

ஜூன் 15, சனி

பட்டறையை மூன்று மணிக்கே மூடிவிட்டு ஃபிளை கட்ட உட்கார்ந்தேன்.

மேல்நீரில் மிதக்க வேண்டியதற்கு ஜப்பான் சிலிப்பர்தான். குதிகால் பக்கம் தேய்ந்த பழைய நீலச் சிலிப்பரில் இருந்து பென்சில் தடிமனுக்கு ஒரு துண்டு வெட்டி, முன்முகத்தைக் கொஞ்சம் குழிவாகச் செதுக்கினேன். இழுக்கும்போது ‘பொளக்’ என்று சத்தம் வர வேண்டும், தவளை குதித்த மாதிரி. முள்ளில் நூலைச் சுற்றி, பசை தடவி, நுரையை ஏற்றி, வாலுக்கு வீட்டுச் சேவலின் கழுத்து இறகு. மகள் சேவலைப் பிடித்துக்கொண்டாள், நான் விழுந்துவிடும் நிலையில் இருந்த நான்கு இறகுகளை மட்டும் எடுத்தேன். அது கோபித்துக்கொண்டு கொட்டகை மேல் ஏறிவிட்டது.

கீழே போக வேண்டியதற்குக் கனம் வேண்டும். எரிந்துபோன மோட்டார் சுருளில் இருந்து பிரித்த செம்புக் கம்பியை முள்ளில் பன்னிரண்டு சுற்று. அதன் மேல் பழுப்பு நிற இறகு. ஈரமானால் சின்ன மீன் குஞ்சு போலவே சுருங்கி விரிகிறது.

எல்லா முள்ளிலும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டேன். மீனை விடப் போகிறோம் என்றால் அது சுலபமாகக் கழல வேண்டும்.

ஜூன் 16, ஞாயிறு

பின்னால் கயிற்றை வீச இடமே இல்லை. செம்பனை ஓலை தலைக்கு மேல் தொங்குகிறது, போன மாதம் மட்டும் ஏழு ஃபிளையை மரத்துக்குக் கொடுத்திருக்கிறேன். இப்போது உருட்டி வீசப் பழகிவிட்டது. கயிறு தண்ணீரிலேயே கிடக்கட்டும். ராட்டை மெதுவாகக் காது வரை தூக்க வேண்டும். கயிறு தோளுக்குப் பின்னால் தொப்பை மாதிரி தொங்கும்வரை ஒரு மூச்சு பொறுக்க வேண்டும். அப்புறம் ஆணி அடிப்பது போல முன்னால் ஒரு தட்டு. கயிறு வளையமாக உருண்டு விரிந்து போகும். அந்த ஒரு மூச்சைப் பொறுக்கத்தான் எனக்கு மூன்று மாதம் ஆனது.

பெரிய மதகுக்குக் கீழே நுரை சுழல்கிற குழி. முழங்காலில் உட்கார்ந்தேன். நின்றால் நிழல் தண்ணீரில் விழும். செம்புக் கம்பி ஃபிளையை நுரைக்கு மேலே போட்டு, ஓட்டத்தோடு இறங்க விட்டேன். கயிற்றின் நுனி ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக நகர்ந்தது. அவ்வளவுதான் அடையாளம். தூக்கினேன், ராட் கைப்பிடி வரை வளைந்துவிட்டது.

செபாராவ். ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல். தேத்தாரே, அதாவது பால் தேநீர் நிறத் தண்ணீரில் இருந்து அது வெளியே வந்தபோது வெள்ளி மாதிரி இருந்தது. முதுகுத் துடுப்புக்குக் கீழே குறுக்காக ஒரு கறுப்புப் பட்டை, சிவந்த வாலுக்கு மேலும் கீழும் கறுப்பு விளிம்பு. கையை நனைத்துக்கொண்டு பிடித்தேன். காய்ந்த கையால் பிடித்தால் வழவழப்பு போய்விடும், பிறகு அந்த இடத்தில் புண் வரும். ஓட்டத்துக்கு நேராக முகத்தை வைத்துப் பிடித்திருந்தேன். செவுள் நான்கைந்து முறை திறந்து மூடியது, பிறகு என் விரல்களை ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போனது.

பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கை நடுங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து பசியாறும்வரை நிற்கவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

கரையோரம் கங்கோங் கீரைக் கொடிக்குப் பக்கத்தில் தண்ணீர் கொதிப்பது போல இருந்தது. கிட்டே போனால் ஆரஞ்சு நிறத்தில் விரால் குஞ்சுகள், ஒரு பெரிய தட்டு அளவுக்கு. எல்லாம் சேர்ந்து மேலே வந்து மூச்சு எடுத்துவிட்டு இறங்குகின்றன. அவற்றுக்கு அடியில் தாயோ தகப்பனோ இருக்கும், இரண்டும் காவல் காக்கும். அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் அடிக்கும். பசிக்காக அல்ல, குஞ்சுக்குக் கிட்டே வந்ததை விரட்டுவதற்காக.

பெரிய விரால் வேண்டும் என்பவர்கள் தேடுவது இந்தக் குஞ்சுக் கூட்டத்தைத்தான். அறுவை சிகிச்சை ஆனவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் விரால் சூப் கொடுக்கிற ஊர் இது, நல்ல விலை போகும். எனக்குப் புரிகிறது. ஆனாலும் அதைச் செய்யக் கூடாது என்றே நினைக்கிறேன். தாயை எடுத்தால் அரை மணி நேரத்தில் மற்ற மீன்கள் குஞ்சைத் தின்று தீர்த்துவிடும். கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வெகுதூரம் நடந்தேன். பெரியப்பாவும் அப்படித்தான், “குட்டிக்காரியைத் தொடாதடா” என்பார்.

ஜூலை 7, ஞாயிறு

மதகைப் பார்த்துக்கொள்ளும் பாக்சிக் (மலாயில் பெரியவரை இப்படித்தான் கூப்பிடுவோம்) சைக்கிளில் வந்தார். நெல் பால் பிடித்துவிட்டது, இன்னும் பத்துப் பன்னிரண்டு நாளில் கதவை மூடிவிடுவோம் என்றார். அறுவடை இயந்திரம் இறங்க வயல் காய வேண்டும்.

அவரோடு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தேன். இந்தத் தண்ணீர் வருவது புக்கிட் மேரா ஏரியில் இருந்து. குராவ் ஆற்றை மறித்து 1906-இல் கட்டி முடித்த அணை. மலாயாவின் முதல் பெரிய பாசனத் திட்டம் இந்தக் கிரியான் நெல்வயல்களுக்காகத்தான் வந்தது. அதற்கு முன்பே இங்கே கரும்புத் தோட்டங்கள் இருந்தன, வேலைக்கு ஒப்பந்தத்தில் வந்தவர்கள் நம் ஆட்கள். பிறகு கரும்பு போய் ரப்பர், ரப்பர் போய் செம்பனை. தண்ணீர் மட்டும் அதே ஏரியில் இருந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது. பாக்சிக்கின் அப்பாவும் மதகு வேலைதான் பார்த்தாராம். கதவை எத்தனை சுற்றுத் திருகினால் எந்த வயலுக்கு எவ்வளவு நேரத்தில் தண்ணீர் போகும் என்று கையிலேயே கணக்கு வைத்திருக்கிறார்.

ஜூலை 13, சனி

நல்ல செய்தி இல்லை. பெரிய மதகுக் குழியில் விரல் நீளக் குஞ்சுகள் வயிறு தெரிய மிதந்தன. லாம்பாம், செபாராவ் எல்லாம் கலந்து. மூங்கில் கழியில் கட்டிய கம்பியின் துண்டு கரையில் கிடந்தது. ராத்திரி யாரோ பேட்டரியை முதுகில் கட்டிக்கொண்டு வந்து மின்சாரம் பாய்ச்சியிருக்கிறார்கள். பெரியதை அள்ளிக்கொண்டு சின்னதை விட்டுவிட்டார்கள்.

1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் இதைத் தெளிவாகத் தடை செய்கிறது. தெரியாமல் செய்வதில்லை. தண்ணீர் இறங்க ஆரம்பித்தால் மீன் குழியில் கூடும் என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இன்று ராட்டை உறையில் இருந்தே எடுக்கவில்லை.

ஜூலை 19, வெள்ளி

கதவு மூடியாகிவிட்டது. சாயங்காலம் போய்ப் பார்த்தேன், கரையில் ஒரு முழம் ஈரக்கோடு தெரிகிறது.

அக்கா மகனுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். அங்கேயும் இதே கதைதான் மாமா என்றான். கோடை முடிந்து வாய்க்கால் மதகை மூடினால் டிரௌட் குட்டைகளில் மாட்டிக்கொள்ளும். ஜாக்சன் ஊர்ப் பக்கம் ஆட்கள் திரண்டு வந்து வலையும் வாளியுமாக மீனை அள்ளி ஆற்றில் விடுவார்களாம். அவனும் போயிருக்கிறான். சில மதகுகளில் மீன் உள்ளேயே வராதபடி சுழலும் சல்லடை உருளை வைத்திருக்கிறார்கள். “அள்ளும்போது கழுத்தடியில் சிவப்புக் கோடு தெரியும் மாமா, அதுதான் கட்த்ரோட் டிரௌட்” என்றான். அவன் குரலில் இருந்த அந்த ஆசையைக் கேட்டதும் எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

ஜூலை 21, ஞாயிறு

விடியற்காலை ஐந்து மணிக்கு நான், மகள், பட்டறைத் தம்பிகள் இரண்டு பேர். நான்கு பெயின்ட் வாளி, இரண்டு கைவலை, மீன் தொட்டிக்கு வைக்கிற பேட்டரி காற்றுக் குழாய். குட்டைத் தண்ணீரில் விடியும் நேரத்தில்தான் பிராணவாயு மிகக் குறைவு. போனபோதே லாம்பாம்கள் வாயை மேலே நீட்டிக்கொண்டிருந்தன.

யாரை முதலில் எடுப்பது என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். லாம்பாமும் செபாராவும் முதலில். அவை தண்ணீரில் இருந்துதான் மூச்சு எடுக்க வேண்டும், நேரமே இல்லை. விராலும் புயூவும் காற்றைக் குடித்துப் பிழைக்கும். விரால் சேற்றுக்குள் புதைந்து மழைக்குக் காத்திருக்கும், அதைத் தொல்லை செய்ய வேண்டாம். பண்டாராயா மீன் கிடைத்தால் திரும்ப விடக் கூடாது, வெளிநாட்டு மீன், கரையைக் குடைந்து நாசம் செய்கிறது.

ஒரு வாளியில் பத்துக்கு மேல் போடவில்லை. மோட்டாரில் வைத்து, மேலே தண்ணீர் இன்னும் ஓடுகிற தாய் வாய்க்காலுக்கு. அதே தண்ணீர், அதே மீன் என்பதால் புதிதாக எதையும் எங்கும் பரப்பவில்லை. உடனே கொட்டாமல் வாளியைச் சாய்த்து, வாய்க்கால் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு, பிறகு விட்டோம்.

மகள் நோட்டில் எழுதியிருக்கிறாள்: லாம்பாம் 63, செபாராவ் 4, பெயர் தெரியாதது 19, வழியில் செத்தது 7. அந்த ஏழுக்காக அவள் அழுதாள். கடைசி நடையில் நான் வாளியை நிரப்பி வைத்துவிட்டுக் காற்றுக் குழாயைப் போட மறந்துவிட்டேன், அதனால்தான். அவளிடம் சொல்லிவிட்டேன்.

பாக்சிக் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த முறை மூடுவதற்கு இரண்டு நாள் முன்னால் சொல்கிறேன், கதவைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கலாமா என்றும் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். மெதுவாக இறங்கினால் மீன் தானே மேல்பக்கம் ஏறிக்கொள்ளும்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. ஊரில் காவிரியில் புதுத் தண்ணீர் வருகிற நாள், இங்கே எங்கள் தாலி ஆயர் எலும்பும் தோலுமாகக் கிடக்கிறது. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். குடித்துவிட்டு மகளோடு கரைப் பக்கம் நடந்தேன். கொக்குகள்தான் நிறைய. விரால் புதைந்த சேற்றில் மூச்சு விடும் ஓட்டைகளை அவள் எண்ணிக்கொண்டே வந்தாள்.

நான்கு மணிக்குச் செமாங்கோல் மலைப் பக்கம் கறுத்து, நல்ல மழை. கொட்டகையில் ஒதுங்கினோம். மழை விட்டதும் செம்மண் பாதையில் ஏதோ நெளிந்தது. புயூ. செவுள் மூடியை விரித்து மண்ணில் ஊன்றி, உடம்பை ஒரு பக்கம் தள்ளி, மறுபடி ஊன்றி, வற்றிய குட்டையில் இருந்து செம்பனைப் பக்கத்துப் பள்ளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் இன்னும் இரண்டு.

தோட்டத்து லாரி ஒன்று பழக்குலைகளோடு வந்தது. மகள் ஓடிப்போய் நடுப்பாதையில் நின்று கையைக் காட்டினாள்.

“என்னம்மா?” என்று டிரைவர் தலையை நீட்டினார்.

“அண்ணே, மீன் போகுது. கொஞ்சம் இருங்க.”

அவர் இன்ஜினை நிறுத்தினார். மூன்றும் பாதையைக் கடக்க ஆறேழு நிமிடம் ஆனது.