கம்ப்ளீட்டட் இல்லீங்க, கம்ப்ளெக்டட்

போன வாரம் ஆஃபீஸ்ல நான் எழுதின புரோகிராம் கோடுக்கு ரிவ்யூ வந்துச்சு, அதாவது இன்னொருத்தர் படிச்சுப் பாத்து அப்ரூவ் பண்றது. எங்க டீம் லீட் ஒரே ஒரு வரிதான் போட்டிருந்தார், "திஸ் ஈஸ் கம்ப்ளெக்டட்"னு. நான் அவசரத்துல கம்ப்ளீட்டட்னு படிச்சுட்டு, ஆஹா முதல் ரவுண்டுலயே முடிஞ்சுதுன்னு சந்தோஷமா லேப்டாப்பை மூடிட்டு பெருங்குடில ஷேர் ஆட்டோ புடிச்சு வீட்டுக்கு வந்து ஃபில்டர் காஃபி குடிச்சுட்டு தூங்கியே போயிட்டேன். காலைல பாத்தா அப்ரூவ் ஆகவே இல்ல. திரும்ப படிச்சா நடுவுல ஒரு சி எழுத்து கூடுதலா இருக்கு. சரி, கை தவறி விழுந்திருக்கும்னு நெனச்சு அவர்கிட்டயே கேட்டேன், "அது தப்பா டைப் ஆகல, நிஜமாவே அப்படி ஒரு வார்த்தை இருக்கு"ன்னுட்டார். அசிங்கமா போச்சு.

அப்புறம் தேடிப் பாத்தா அது பழைய வார்த்தை. இங்கிலீஷ்ல 16-ஆம் நூற்றாண்டுலயே இருந்திருக்கு, அப்புறம் வழக்கத்துல இருந்து போயிடுச்சு. குளோஜர்னு ஒரு புரோகிராமிங் லாங்குவேஜ் இருக்குல்ல, அதை உருவாக்கின ரிச் ஹிக்கி 2011-ல ஸ்ட்ரேஞ்ச் லூப்னு அமெரிக்கால நடந்த கான்ஃபரன்ஸ்ல "சிம்பிள் மேட் ஈஸி"ன்னு ஒரு டாக் குடுத்தார், அதுலதான் இதை தூசி தட்டி எடுத்து மறுபடி புழக்கத்துக்கு விட்டார். அர்த்தம் ரொம்ப நேரடியானது, சேத்துப் பின்னுறது. லத்தீன்ல பிளெக்டெரேன்னா பின்னுறது, காம் முன்னாடி வந்தா ஒண்ணோட ஒண்ணு சேத்து. காம்ப்ளெக்ஸும் இதே குடும்பம்தான். கழுத்து தோள்பட்டை பக்கம் நரம்பெல்லாம் பின்னிக்கிட்டு இருக்கற இடத்தை டாக்டருங்க பிளெக்ஸஸ்னு சொல்றாங்களே, நம்மாளுங்க அதுக்கு அழகா நரம்புப் பின்னல்னே பேர் வச்சிருக்காங்க.

கம்ப்ளிகேட் இதுக்கு பங்காளி முறை. அது பிளிகாரேல இருந்து வருது, மடிக்கிறதுன்னு அர்த்தம், அப்போ பல மடிப்பா சேத்து மடிச்சு வச்சா கம்ப்ளிகேட்டட். சிம்பிள்ங்கறது சிம்ப்ளெக்ஸ், ஒரே மடிப்பு. இதைப் படிச்சதும் எனக்கு சட்டுனு நம்ம மடங்குதான் ஞாபகம் வந்துச்சு! ரெண்டு மடங்கு மூணு மடங்குன்னு சின்ன வயசுல இருந்து கணக்கு போடறோம், அதுக்குள்ள மடங்குறது, அதாவது மடியுறது, இருக்குன்னு ஒரு நாளும் தோணினதே இல்ல. ரோமாபுரியும் நாமளும் தனித்தனியா போய் ஒரே இடத்துல நின்னிருக்கோம்.

இன்னொண்ணு, காம்ப்ளெக்ஷன். ஃபேர்னஸ் கிரீம் விளம்பரம் இத்தனை வருஷமா நம்ம தலைல கட்டின அதே வார்த்தைதான். அதுவும் இதே வேர். அந்தக் காலத்துல ஐரோப்பால சூடு குளிர்ச்சி ஈரம் வறட்சி எல்லாம் உடம்புல எப்படி கலந்திருக்குங்கறதுக்குத்தான் அந்தப் பேர், கிட்டத்தட்ட நம்ம வாத பித்த கபம் மாதிரி, அந்தக் கலவை முகத்துல தெரியும்னு நம்பி கடைசில தோல் நிறத்துக்கே பேரா ஆயிடுச்சு. சரி, இது வேற கதை.

என் கோடுக்கு வரேன். டிஸ்கவுண்ட் கணக்கு போடற ஃபங்ஷன் அது, ஃபங்ஷன்னா ஒரு வேலையைச் செய்யற கோடு துண்டு. ஆனா அதுக்குள்ளயே ஸ்டாக் இருக்கான்னு பாக்குறது, டேட்டாபேஸ்ல எழுதுறது, கஸ்டமருக்கு எஸ்எம்எஸ் அனுப்புறது எல்லாம் இருக்கு. பத்து பெர்சன்ட்டை பன்னெண்டா மாத்திட்டு டெஸ்ட் பண்ணணும்னா கூட எஸ்எம்எஸ் போற வழியை எங்கயாவது அடைச்சு வைக்கணும். எழுதும்போது ரொம்ப ஈஸியா இருந்துச்சு, எல்லாம் ஒரே இடத்துல கைக்கெட்டற தூரத்துல. ஹிக்கி சொல்றதே அதான், ஈஸி வேற சிம்பிள் வேற. பக்கத்துல இருக்கறது, பழகினது எல்லாம் ஈஸி. பின்னாம தனியா ஒத்தையா இருக்கறதுதான் சிம்பிள். நாம "சிம்பிள்தான் பா"ன்னு சொல்றப்போ முக்காவாசி நேரம் ஈஸின்னுதான் சொல்றோம்.

ஹிக்கி குடுக்கற ஒரு உதாரணம் முதல்ல எனக்கு புரியவே இல்ல, ஸ்டேட்னு ஒண்ணு, அதாவது புரோகிராம் ஓட ஓட மாறிக்கிட்டே இருக்கற தகவல், வந்தாலே அது மதிப்பையும் நேரத்தையும் சேத்துப் பின்னிடுதாம். அப்புறம் புழல் ஏரியை வச்சு யோசிச்சேன், 2019 கோடைல ஏரியெல்லாம் வறண்டதுல இருந்து மெட்ராஸ்காரங்களுக்கு ஏரி லெவல் பாக்குறது ராசிபலன் பாக்குற மாதிரிதானே. புழல்ல எவ்ளோ தண்ணின்னா என்னைக்கு கேக்குறீங்கங்கறதுதான் பதில். பேப்பர்ல லெவலோட தேதியும் போடறான், அதனால நேத்து லெவல் நேத்து லெவலாவே இருக்கு. அதையே ஒரே ஒரு பலகைல அழிச்சு அழிச்சு எழுதினா நேத்து எவ்ளோ இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. என் கோடுல மதிப்பைப் போட்டு வைக்கிற வேரியபிள்ல பாதி அந்தப் பலகைதான்.

பின்னாம எப்படி சேக்குறதுன்னா அதுக்கு கம்போஸ்னு சொல்றார், பக்கத்து பக்கத்துல வைக்கிறது. எங்க அம்மாவோட அஞ்சறைப்பெட்டி. கடுகு சீரகம் வெந்தயம் எல்லாம் ஒரே டப்பாலதான் இருக்கு, ஆனா கடுகு தீந்தா கடுகு கிண்ணத்தை மட்டும் எடுத்து ரொப்பிக்கலாம். நான் எழுதினது சாம்பார் பொடி. அரைச்சாச்சு, இனிமே மல்லியைத் தனியா எடுன்னா எங்க போறது?

இந்த வார்த்தை எனக்குப் புடிச்சதுக்கு காரணம் வேற. நாம தமிழ்ல "சிக்கலாயிடுச்சு"ன்னு சொல்லுவோம். தானா ஆயிடுச்சு, ஆளே கிடையாது. தலைமுடி தூங்கி எந்திரிச்சா தானா சிக்கு விழுற மாதிரி. ஆனா ஜடை தானா விழாது, யாரோ உக்காந்து மூணு காலா பிரிச்சு பின்னினாத்தான் உண்டு. ஸ்டாண்டப்ல, அதான் டீமோட தினசரி குட்டி மீட்டிங்ல, நான் அத்தனை நாளும் "மாட்யூல் கொஞ்சம் காம்ப்ளெக்ஸ் ஆயிடுச்சு"ன்னு சொல்லிட்டு இருந்தேன். லீட் அந்த ஒரு வரில, அது ஆகல, நீ பின்னினன்னு சொல்லிட்டார். இதுல கூத்து என்னன்னா நம்ம ஊர்ல யாராவது ஒரு வேலையை சூப்பரா பண்ணா "பின்னிட்டான்யா"ன்னுதான் சொல்லுவோம், அந்தக் கணக்குல எனக்கு வந்தது பாராட்டு.

இப்போதைக்கு டிஸ்கவுண்ட் கணக்கை மட்டும் தனியா உருவி எடுத்துட்டேன், அதுக்கே ரெண்டு நாள் போயிடுச்சு. எஸ்எம்எஸ்ஸை வெளிய இழுத்தா மூணு டெஸ்ட் புட்டுக்குது, ரிவ்யூ இன்னும் ஓப்பனாதான் கிடக்கு.