பழைய காரின் அடியில் துரு

ஜூன் 4
காரைத் தூக்கி நாலு பக்கமும் ஸ்டாண்ட் கொடுத்தாயிற்று. வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது. துருப்பிடித்த காரில் ஜாக்கி வைக்கும் இடமே உள்வாங்கிவிடும். இதில் இடது பின்பக்கம் அப்படித்தான் நொறுங்கத் தொடங்கியது. அந்த ஸ்டாண்டை நல்ல நிலையில் உள்ள குறுக்குச் சட்டத்துக்கு மாற்றினேன்.

அடியில் கறுப்புத் தார்ப் பூச்சு பார்வைக்கு முழுசாக இருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல தகடு கணீரென்றது. ஓட்டுநர் காலடியில் சத்தமே எழவில்லை. நுனியால் அழுத்தினால் தகட்டைத் துளைத்துக்கொண்டு போகிறது.

ஜூன் 6
பூச்சைச் சுரண்டிப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. தார் காய்ந்து வெடித்த இடங்களில் தண்ணீர் நுழைந்திருக்கிறது, வெளியேற வழியில்லாமல் தகட்டோடு ஒட்டியே கிடந்திருக்கிறது. இரும்பைவிடத் துரு அதிக இடம் பிடிக்கும். அதனால் அது பூச்சைத் தள்ளி இன்னும் வழி திறக்கிறது, அப்புறம் இன்னும் தண்ணீர். ஏற்கெனவே துருப்பிடித்த தகட்டின் மேல் தார் அடிப்பதைப் பாதுகாப்பு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

கதவுகளுக்கு அடியில் நீளமாக ஓடும் பெட்டிச் சட்டம் இன்னும் மோசம். தண்ணீர் வடியும் துளைகளைச் சேறு அடைத்துவிட்டது. கம்பியால் குத்தியதும் ஈர மண்ணும் துருச் செதிலும் கொட்டின. வெளியே பெயின்ட் பளபளக்கிறது. துரு உள்ளிருந்துதான் வந்திருக்கிறது.

ஜூன் 7
இந்தக் காருக்குத் தனி சேஸிஸ், அதாவது பாடியைத் தாங்கும் அடிச்சட்டம், கிடையாது. தரை, பெட்டிச் சட்டங்கள், கதவுத் தூண்கள் எல்லாம் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. மோதலில் வரும் விசையையும் அவைதான் ஏற்க வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டும் இந்தத் தகட்டில்தான் நிற்கிறது. அதைச் சுற்றித் தட்டிப் பார்த்தேன். கெட்டியாக இருக்கிறது, பெரிய நிம்மதி.

பிரேக் பைப்பைத் துடைத்தபோது கிளிப் பிடித்திருந்த இடங்களில் குழிகுழியாக அரித்திருந்தது. ஒழுகவில்லை என்பதற்காக விடக்கூடாது. அழுத்திப் பிரேக் போடும் நேரத்தில்தான் அது உடையும். முழு நீளமும் மாற்றப் போகிறேன். செம்பு-நிக்கல் பைப் துருப்பிடிக்காது, வளைக்கவும் சுலபம்.

ஜூன் 9
வெல்டர் வந்து பார்த்தார். “ஃபைபர் ஒட்டி மேல பட்டி பூசிட்டா ஓட்டை தெரியாதுண்ணா. ஆனா அதுல பலம் இருக்காது” என்றார். “வெட்டிடுங்க தம்பி, நல்ல தகடு வர்ற வரைக்கும்” என்றேன். துருவை மாற்றும் அமிலத் திரவம் பற்றியும் கேட்டேன். மேலே படிந்த லேசான துருவுக்குச் சரி, செதிலாக உரிவதற்கு உதவாது என்றார். எனக்கும் அதே எண்ணம்தான்.

ஜூன் 13
பேட்டரி இணைப்பைக் கழற்றி, பெட்ரோல் டேங்கை இறக்கித் தள்ளி வைத்தோம். உள்ளே கார்ப்பெட், வயர் கட்டு, சத்தம் தடுக்கும் தார் அட்டை எல்லாம் வெளியே. வெட்டும் முன் கதவு வாசலில் குறுக்குக் குழாய் வைத்துத் தற்காலிகமாக வெல்டு செய்தார். இல்லையென்றால் பெட்டிச் சட்டத்தை எடுத்ததும் பாடி தொங்கிவிடும், பிறகு கதவு மூடாது. இதைத் தாமாகவே செய்ததைப் பார்த்ததும் அவர்மேல் முழு நம்பிக்கை வந்தது.

ஜூன் 14
ஒரே கோடாக வெல்டு இழுத்தால் மெல்லிய தகடு சூட்டில் நெளியும். இங்கொரு புள்ளி, எதிர்ப்பக்கம் ஒரு புள்ளி, ஆறவிட்டு மறுபடி. இடது பக்கம் முடிந்தது. கதவு முன்போலவே மூடுகிறது.

ஜூன் 18
எபாக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து, இணைப்புகளில் தண்ணீர் புகாமல் சீலர் வைத்தேன். பெட்டிக்குள் நீளமான குழாய் விட்டு மெழுகுத் திரவம் பீய்ச்ச வேண்டும். வெல்டிங் சூடு உள்பக்கப் பூச்சைக் கருக்கியிருக்கும் என்பதால் இதைத் தவிர்க்கவே முடியாது. அது காய்ந்ததும் வடிகால் துளைகளைக் கம்பியால் மறுபடி திறந்துவிட வேண்டும். அடுத்து வலது பக்கம்.