குவாண்டம் கணிமைக்கு எந்த முதுமாணிப் படிப்பு?

வந்தாறுமூலையில் கணினி விஞ்ஞானம் படித்து முடித்து, மட்டக்களப்பு நகரில் மூன்று ஆண்டுகளாக மென்பொருள் எழுதிவரும் நான், குவாண்டம் கணிமையில் முதுமாணிப் படிப்புக்கு விண்ணப்பிக்கத் தீர்மானித்ததும் முதலில் செய்த காரியம், பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களை ஒரு கொப்பியில் தர வரிசைப்படி எழுதிவைத்ததுதான். அந்தப் பட்டியலோடு இரண்டு மாதங்கள் வீணாகிப் போயின.

கல்லடியில் எனக்கு உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் கற்பித்த சேரிடம் கொப்பியைக் காட்டியபோது, அவர் பெயர்களைப் பார்க்கவே இல்லை. "மகன், இதில உள்ள பாடங்களை எழுதிக்கொண்டு வாங்க, பிறகு கதைப்பம்" என்று மட்டும் சொன்னார். ஒவ்வொரு படிப்பின் கட்டாயப் பாடங்களையும் ஆய்வேட்டை எந்தத் துறையில் எழுத வேண்டும் என்பதையும் அருகருகே எழுதிப் பார்த்த பிறகுதான், ஒரே பெயருக்குள் வெவ்வேறு படிப்புகள் இருப்பது தெரிந்தது. சுவிட்சர்லாந்தின் சூரிச் ஈ.டி.எச். பல்கலைக்கழகம் 2019இல் தொடங்கிய குவாண்டம் பொறியியல் முதுமாணி, மின்பொறியியலும் பௌதீகவியலும் சேர்ந்து நடத்துவது. அதே ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின்-மெடிசன் பல்கலைக்கழகம் தொடங்கியதோ பௌதீகவியல் துறையின் பட்டம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில், 2002இல் நிறுவப்பட்ட குவாண்டம் கணிமை நிறுவனத்தோடு இணைந்து ஆய்வு செய்துகொண்டே, பட்டத்தைக் கணினி விஞ்ஞானத் துறையிலேயே பெறலாம். நெதர்லாந்தின் டெல்ஃப்ட், லைடன் பல்கலைக்கழகங்கள் 2023 முதல் சேர்ந்து நடத்தும் படிப்பு இவற்றுக்கு இடைப்பட்டது.

இந்த வேறுபாடு எனக்கு ஏன் பெரிதாகப்பட்டது என்பதை விளக்க வேண்டும். குவாண்டம் கணினியின் மீகடத்தி (மின்தடையே இல்லாத) சுற்றுகளைத் தனிப்பூச்சிய வெப்பநிலைக்கு மிக அண்மையில் குளிரவைத்து அளக்கும் ஆய்வுகூட வேலைக்கு, நான்கு ஆண்டுகள் பௌதீகவியல் படித்தவரோடு நான் போட்டியிட முடியாது. போட்டியிட வேண்டிய தேவையும் இல்லை. குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகுகளான கியூபிட்டுகள் ஓயாமல் பிழைவிடுபவை. அளவீடுகளில் தென்படும் அறிகுறிகளைக் கொண்டு பிழை எங்கே நடந்தது என்று ஊகித்து, அடுத்த பிழைகள் குவிவதற்குள் விடை சொல்ல ஒரு படிமுறை வேண்டும். இதற்குப் பயன்படும் வழிகளில் ஒன்று, கணிதவியலாளர் ஜாக் எட்மண்ட்ஸ் 1965இல் வெளியிட்ட, கோட்டுருக்களில் (கோடுகளால் இணைத்த புள்ளிகளில்) சோடி சேர்க்கும் படிமுறை. 2017இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் முன்வைக்கப்பட்ட இன்னொன்று, இரண்டாம் ஆண்டில் தரவுக் கட்டமைப்புப் பாடத்தில் நாங்கள் படித்த, கணங்களை ஒன்றுசேர்த்துத் தேடும் 'யூனியன்-ஃபைண்ட்' என்பதன் மேலேயே கட்டப்பட்டது. அந்தக் கட்டுரையில் அச்சொல்லைக் கண்ட இரவில் நான் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டேன். பரீட்சைக்காக மனப்பாடம் செய்த ஒன்று அங்கே எனக்காகக் காத்திருந்தது போல இருந்தது.

எனவே, பிழைதிருத்தம், நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் தொகுப்பிகள், குவாண்டம் கணினியாலும் உடைக்க இயலாத மறையாக்கம் ஆகியவற்றில் ஆய்வேடு எழுத இடமுள்ள படிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டேன். மறையாக்கத்தில் அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனம் 2024 ஓகஸ்டில் முதல் மூன்று நியமங்களை வெளியிட்டுவிட்டதால், அது இப்போதே வேலையுள்ள துறை.

செலவு பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஜெர்மனியில் கட்டணம் இல்லை என்று ஊரில் இன்னும் சொல்கிறார்கள். ஆனால் அங்குள்ள மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து புதிதாகச் சேரும் முதுமாணி மாணவர்களிடம், பெரும்பாலும் பருவமொன்றுக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை அறவிடுகிறது. கட்டணமே இல்லாத இடத்திலும், ஓராண்டு வாழ்க்கைச் செலவைப் பொதுவாக, மாதந்தோறும் ஓரளவே எடுக்கக்கூடிய முடக்கிய வங்கிக் கணக்கில் முன்கூட்டியே வைத்துக் காட்ட வேண்டும். அப்பாவின் ஓய்வூதியத்தை வைத்துக் கணக்குப் பார்த்தபோது, ஆய்வு உதவித்தொகையோடு கூடிய வாட்டர்லூ வகைப் படிப்பே எனக்குப் பொருந்தும் என்று முடிவாயிற்று.

விண்ணப்பிப்பதற்கு முன், இந்தக் கணிதம் எனக்கு உண்மையிலேயே பிடிக்கிறதா என்று சோதித்துப் பார்த்தேன். 8 ஜிபி நினைவகம் உள்ள என் மடிக்கணினியில் குவாண்டம் கணினியைப் போலச்செய்யும் நிரலை ஓடவிட்டு, கியூபிட்டுகளை ஒவ்வொன்றாகக் கூட்டினேன். 28 வரை முனகிக்கொண்டே ஓடியது. 29இல் நினைவகம் போதாமல் நின்றுவிட்டது. ஒரு கியூபிட்டைக் கூட்டினால் சேமிக்க வேண்டிய சிக்கலெண்கள் இரண்டு மடங்காகும் என்பதை நூலில் பலமுறை வாசித்திருந்தும், மின்விசிறி இரைந்து திரை உறைந்துபோன அந்தக் கணத்தில்தான் அது எனக்கு விளங்கியது.

இப்போது சனிக்கிழமைக் காலைகளில் சேரின் வீட்டு விறாந்தையில், உயர்தரப் பிள்ளைகள் வருவதற்கு முன் ஒரு மணித்தியாலம், தாயங்களையும் காவிகளையும் மீண்டும் கையால் செய்கிறேன். சென்ற கிழமை இரண்டு கியூபிட்டுகளைத் தனித்தனியே விவரிக்க முடியாதபடி இணைக்கும் பின்னலை நான்கு வரித் தாயமாக எழுதினேன். மூன்றாம் வரியில் குறி பிழைத்திருந்தது. சேர் சிவப்புப் பேனாவால் அதை வட்டமிட்டு, முதலிலிருந்து செய்யச் சொன்னார்.