சமுத்திரம் ஒப்புவிக்கும் நாள்

அக்டோபர் 13, 2024, ஞாயிறு
மஞ்சக்குப்பம், கடலூர்

துக்கம் விசாரிக்க வருகிறவர்களில் பெரும்பாலோர், “அழாதீங்க டீச்சர், அக்கா ஆண்டவர்கிட்டதானே போயிருக்காங்க” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அக்கா ஆண்டவரிடத்தில் இருக்கிறாள் என்பதை நான் முழு இருதயத்தோடு விசுவாசிக்கிறேன். ஆனால் அதைக் காரணம் காட்டி அழுகையை நிறுத்தச் சொல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை. நாயீன் ஊர் வாசலில், ஒரே மகனை அடக்கம் செய்யப் போய்க்கொண்டிருந்த விதவையிடம் இயேசு “அழாதே” என்று சொன்னது உண்மைதான்; சொன்ன கையோடு அவர் பாடையைத் தொட்டு, அந்த வாலிபனை எழுப்பி, தாயினிடத்தில் ஒப்புவித்தார். அப்படி எழுப்பிக் கொடுக்கக் கூடியவருக்கே அந்த வார்த்தையைச் சொல்லும் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். மற்றவர்களான நமக்குப் பவுல் கொடுத்த அறிவுரை வேறு: அழுகிறவர்களுடனே அழுங்கள்.

தெசலோனிக்கேயருக்கு அவர் எழுதிய முதலாம் நிருபத்தை இன்று ஆராதனை முடிந்து வந்தபின் மறுபடியும் படித்தேன். புதிய ஏற்பாட்டில் மிகவும் முந்தி எழுதப்பட்டவற்றுள் ஒன்றான அது, ஆண்டவர் உயிர்த்தெழுந்து சுமார் இருபது ஆண்டுகளுக்குள், ஏறத்தாழ கி.பி. 50-ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்டது. தாங்கள் உயிரோடிருக்கும்போதே கர்த்தர் திரும்பி வந்துவிடுவார் என்று காத்திருந்த அந்தச் சின்னச் சபையில் சிலர் மரித்துப்போனபோது, மரித்தவர்கள் அந்த நாளை இழந்துவிட்டார்களோ என்று மற்றவர்கள் கலங்கிப்போனார்கள். அவர்களைப் பார்த்துப் பவுல், துக்கிக்காதீர்கள் என்று எழுதவில்லை. “நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல” துக்கிக்க வேண்டாம் என்றே எழுதினார். துக்கம் இருக்கும், அதனோடு நம்பிக்கையும் இருக்கும். ஒன்று வந்தால் மற்றொன்று வெளியேற வேண்டியதில்லை.

அம்மா இறந்தபோது நான் இரண்டாம் வகுப்பில் இருந்தேன். அதற்குப் பிறகு எனக்குத் தலைவாரிப் பின்னிவிட்டதும், ஞாயிறு பள்ளி வசனங்களை மனப்பாடம் செய்யவைத்ததும் அக்காதான். ஆகையால் இரண்டாம் முறையாகத் தாயை இழந்தவளாக இந்த நாட்குறிப்பை எழுதத் தொடங்குகிறேன்.

அக்டோபர் 22, 2024, செவ்வாய்

தூக்கம் வராத இரவில் 88-ஆம் சங்கீதம். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும்; இது திரும்புவதில்லை. அறிமுகமானவர்கள் எல்லாரும் மறைந்துபோனதைச் சொல்லி, அதோடு முடிந்துவிடுகிறது. இப்படியொரு ஜெபத்தையும் தேவன் தமது வேதத்தில் வைத்திருக்கிறார். இன்றைக்கு எனக்கு இதுவே போதுமாக இருந்தது.

நவம்பர் 2, 2024, சனி

கல்லறைத் திருநாள். பண்ணுருட்டிப் பேருந்தில் நெல்லிக்குப்பத்தைத் தாண்டி மேல்பட்டாம்பாக்கத்தில் இறங்கியபோது, கல்லறைத் தோட்டத்தில் ஏற்கனவே பல கல்லறைகளுக்கு வெள்ளையடித்து முடித்திருந்தார்கள். அக்காவின் கல்லறை இன்னும் மண்மேடாகத்தான் இருக்கிறது. மண் இறுகியபின் தைமாதம் கல் வைக்கலாம் என்று அக்கா மகன் சொல்லியிருக்கிறான். சாமந்திச் சரத்தை நீளவாக்கில் வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினோம். காற்றில் அது அணைந்துகொண்டே இருந்தது. அக்கா மகன் ஒவ்வொரு முறையும் பொறுமையாகக் குனிந்து ஏற்றினான்.

இந்த ஊர்ச் சபை 1860-களில் கார்ல் ஓக்ஸ் என்னும் மிஷனரி தொடங்கிய பணியிலிருந்து வந்தது. பின்னர் டேனிஷ் மிஷனரி சங்கம் அதை ஏற்று நடத்தியது. ஓக்ஸ் தமது பணித்தளத்துக்கு வைத்த பெயர் பெத்தானியா. மார்த்தாள், மரியாள் என்னும் சகோதரிகளும் அவர்களுடைய சகோதரன் லாசருவும் வாழ்ந்த ஊரின் பெயர் அது. அந்தப் பெயரைச் சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். என் சகோதரியின் கல்லறைக்கு முன்னே நின்றபோதுதான் அது என்னைப் பற்றிக்கொண்டது.

யோவான் 11-ஆம் அதிகாரத்தில் என்னை எப்போதும் நிறுத்திவைக்கும் இடம் ஒன்று உண்டு. மரித்துப்போன லாசருவை எழுப்பப் போகிறேன் என்று இயேசு புறப்படும் முன்னரே சீஷர்களிடம் சொல்லிவிட்டார். பெத்தானியாவுக்கு வந்து, “நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்” என்று மார்த்தாளிடமும் சொன்னார். சில நிமிடங்களில் லாசரு வெளியே நடந்து வரப்போகிறான் என்பதை அவரைப்போல் உறுதியாக அறிந்தவர் அங்கே ஒருவரும் இல்லை. அப்படியிருந்தும், மரியாள் அழுகிறதைக் கண்டபோது அவர் கண்ணீர் விட்டார். முடிவு தெரியாததனால் வந்த கண்ணீர் அல்ல அது. முடிவைக் கையில் வைத்திருந்தவர், அந்த முடிவை எட்டுவதற்கு முன் ஒரு சகோதரியின் துக்கத்துக்குள் நுழைந்து நின்றார். பரலோக நம்பிக்கை உள்ளவர்கள் அழக்கூடாது என்றால், அந்த நம்பிக்கையின் ஆண்டவரே அழுதிருக்க மாட்டார்.

அக்கா மகனிடம் இதைச் சொன்னேன். அடக்க ஆராதனையின்போது கல்லாக நின்றிருந்த அவன், “அப்ப சரி சித்தி” என்று சொல்லி, அங்கேயே உட்கார்ந்து வெகுநேரம் அழுதான்.

நவம்பர் 11, 2024, திங்கள்

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மாள் தேவனாம்பட்டினத்தைச் சேர்ந்தவர். 2004 டிசம்பர் 26 அன்று காலையில் ஆழிப்பேரலை வந்தபோது, அவருடைய ஆறு வயது மகனைக் கடல் கொண்டுபோயிற்று. கடலூர் மாவட்டத்தில் அன்று இறந்தவர்கள் 600-க்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் பலரை அடக்கம் செய்யவாவது முடிந்தது. இவருடைய பிள்ளையின் உடல் கிடைக்கவே இல்லை.

நேற்றைய பிரசங்கம் வெளிப்படுத்தின விசேஷம் 21-ஆம் அதிகாரத்தின்மேல் இருந்தது. நான் வேதாகமத்தைத் திறந்துவைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த அவர், கூடையை இறக்கிவைத்துவிட்டு, “என்ன டீச்சர் படிக்கிறீங்க, எனக்கும் சொல்லுங்க” என்றார். புதிய வானம், புதிய பூமி, கண்ணீரை எல்லாம் தேவன் துடைப்பார் என்று படித்துக்கொண்டு வந்தேன். முதல் வசனத்தின் கடைசியில் “சமுத்திரமும் இல்லாமற்போயிற்று” என்று இருக்கிறது. அதைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

“கடலே இருக்காதா? அப்ப எம்புள்ள எங்க போவான் டீச்சர்? அவன் அதுலதானே இருக்கான்?”

பிழைப்பைப் பற்றிக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மறு அதிகாரத்திலேயே ஜீவத்தண்ணீருள்ள நதி ஓடுகிறது. இந்தக் கேள்விக்கு அவசரமாக எதையும் சொல்லிவிடக் கூடாது என்று தோன்றியது. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யோபுவின் சிநேகிதர்கள் பிற்பாடு பேசிய பேச்சுகளைவிட, வந்தவுடன் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்ததுதான் மேலான ஆறுதல்.

நவம்பர் 24, 2024, ஞாயிறு

சபை ஆண்டின் கடைசி ஞாயிறு. விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லும்போது “சரீரம் உயிர்த்தெழுதலும்” என்ற இடத்தில் என் குரல் நின்றுபோயிற்று.

ஆத்துமா மேலே போய்விடுகிறது, சரீரம் வெறும் கூடு, அது போனால் என்ன என்று நம்முடைய கிறிஸ்தவ வீடுகளிலும் பேசுகிறோம். வேதத்தின் நம்பிக்கை அவ்வளவோடு நிற்பதில்லை. 1 கொரிந்தியர் 15-ஆம் அதிகாரம் முழுவதும் சரீரத்தைப் பற்றியே பேசுகிறது: அழிவுள்ளதாய் விதைக்கப்படும், அழிவில்லாததாய் எழுந்திருக்கும். அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்தபின், டயாலிசிஸ் செய்வதற்காக இடது கையில் சிரையையும் தமனியையும் இணைத்து அறுவை செய்தார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால், ரத்தம் பாய்ந்து ஓடும் அதிர்வு எப்போதும் தெரியும். “பாரு, ஓடுதான்னு பாரு” என்று ஒவ்வொரு நாள் காலையிலும் கையை நீட்டுவாள். கடைசி நாளில் அந்த அதிர்வு நின்றதை என் விரல்தான் அறிந்தது.

அந்தக் கையைத்தான் தேவன் எழுப்புவார் என்று விசுவாசிக்கிறேன். உயிர்த்தெழுந்த ஆண்டவருடைய கைகளில் ஆணிகளின் காயம் இருந்தது. தோமா அதைக் கண்டார். பாடுகளை அனுபவித்த அதே சரீரம், இனி மரணம் தொடமுடியாத மகிமையோடு வந்து நின்றது. பிறகு அவர் திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்பின்மேல் மீன் வைத்து, இரவெல்லாம் வலை வீசிக் களைத்து வந்தவர்களைச் சாப்பிட அழைத்தார். கடலோர ஊரில் பிறந்த எனக்கு, பரலோகத்தைப் பற்றி எண்ணும்போதெல்லாம் பொன்வீதிகளுக்கு முந்தி இந்தக் காலை உணவுதான் நினைவுக்கு வருகிறது.

டிசம்பர் 4, 2024, புதன்

ஃபெஞ்சல் புயல் சனிக்கிழமை இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேலாக மழை கொட்டியது. அதோடு முடியவில்லை. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.6 லட்சம் கன அடிக்கும் அதிகமாகத் தண்ணீர் திறக்கப்பட, தென்பெண்ணை கரை மீறி ஊர்களுக்குள் புகுந்தது. அக்கா மகன் நேற்று மாலை தொலைபேசியில், கல்லறைத் தோட்டத்தில் தண்ணீர் நிற்கிறது, மேடு கரைந்துவிட்டது, எந்த இடம் என்றே தெரியவில்லை என்று சொல்லி விம்மினான்.

நான் அவனுக்கு யோபு 19-ஆம் அதிகாரத்தை வாசித்துக் காட்டினேன்: “என் மீட்பர் உயிரோடிருக்கிறார், அவர் கடைசிநாளில் பூமியின்மேல் நிற்பார் என்று நான் அறிந்திருக்கிறேன்.” யோபு அதைச் சொன்னது நல்ல கல்லறை ஒன்றை நம்பி அல்ல; தன் தோல் அழுகிப்போனபின்பும் என்றுதான் தொடர்ந்து சொல்கிறான். நம்முடைய அடையாளக் குச்சி வெள்ளத்தில் போனால், புதைத்த இடம் நமக்குத்தான் மறையும். அவளைப் படைத்தவருக்கு மறையாது.

இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மீன்காரம்மாளின் கேள்விக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதை உணர்ந்தேன். தொலைபேசியை வைத்துவிட்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வெளிப்படுத்தின விசேஷம் 21-ஆம் அதிகாரத்துக்கு முந்திய பக்கத்தைத் திருப்பினேன்.

டிசம்பர் 26, 2024, வியாழன்

இருபது ஆண்டுகள் நிறைந்த நாள். காலையில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்கு நானும் போனேன். பெண்கள் குடங்களில் பால் கொண்டுவந்து கடலில் ஊற்றினார்கள், பூக்களைத் தூவினார்கள், மார்பில் அடித்துக்கொண்டு, பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மீன்காரம்மாள் தம் குடத்தைக் கவிழ்த்தபின், நனைந்த புடவையோடு என் பக்கத்தில் வந்து மணலில் உட்கார்ந்தார்.

“அன்னைக்குக் கேட்டீங்களேம்மா, அதுக்கு எழுதியிருக்கிறத இன்னைக்குப் படிக்கட்டுமா?” என்று கேட்டு, 20-ஆம் அதிகாரம் 13-ஆம் வசனத்தை வாசித்தேன்: “சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது.” கடல் இல்லாமற்போவது அதற்குப் பிறகுதான். கொண்டுபோன ஒவ்வொருவரையும் திருப்பிக் கொடுக்காமல் கடல் அகன்றுபோக முடியாது என்று சொன்னேன். இதை எழுதிய யோவானும் பத்மு தீவில் கடலால் பிரிக்கப்பட்டிருந்தவர்தான் என்றும் சொன்னேன்.

அவர் வெகுநேரம் அலைகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எங்க சாமியக் கும்புட்ட புள்ள டீச்சர் அவன். அவனையும் குடுக்குமா?” என்று கேட்டார்.

“எல்லாரையும் குடுக்கும்மா. இந்த சாமிக்காரங்க, அந்த சாமிக்காரங்கன்னு அதுல பிரிச்சு எழுதல” என்றேன். அதே வசனத்தின் மீதியில் நியாயத்தீர்ப்பு இருக்கிறது. அதையும் மறைக்காமல் வாசித்தேன். தீர்ப்பு என்னுடைய கையில் இல்லை. சிறுபிள்ளைகளைத் தடைபண்ணாதிருங்கள் என்று சொன்னவரும், லாசருவின் கல்லறை முன்னே அழுதவருமான இயேசுவின் கையில் இருக்கிறது. அவர் அந்தப் பிள்ளைக்கு அநியாயம் செய்யமாட்டார் என்று நான் நம்புகிறேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை என்பதையும் அவரிடம் சொன்னேன். அந்த வசனத்தை எழுதித் தரச் சொன்னார். மகள் வாசித்துக் காட்டுவாளாம்.

டிசம்பர் 28, 2024, சனி

31-ஆம் தேதி இரவு ஆராதனையில் இந்த ஆண்டு நித்திரையடைந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். அக்காவின் பெயரும் இருப்பதால், வேதபாடத்தை நான் வாசிக்க முடியுமா என்று மேல்பட்டாம்பாக்கத்து ஆயர் கேட்டார். வழக்கமாக 21-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்திலிருந்து தொடங்குவார்கள். நான் 20-ஆம் அதிகாரம் 11-ஆம் வசனத்திலிருந்தே வாசிக்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். அது கடினமான பகுதி, துக்கவீட்டார் முன்னிருக்கையில் இருப்பார்கள் என்று அவர் சற்று யோசித்தார். துக்கவீட்டாருக்குத்தான் அது வேண்டும் ஐயா, கடலும் மண்ணும் எங்களுக்குத் திருப்பித் தரவேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னேன். ஒப்புக்கொண்டார். செவ்வாய் மாலைப் பேருந்தில் போகிறேன். இரவு அக்கா வீட்டிலேயே தங்குவேன்.