கீசர் மாற்றினேன்: ஒரு வாரம், நான்கு தடவை கடைக்கு

மார்கழி பிறந்து நான்காம் நாள். காலை ஐந்தரைக்கு அம்மா கீசர் சுவிட்சைப் போட்டார். நாலைந்து நிமிடத்தில் வீடு மொத்தமும் இருட்டு. எட்டிப் பார்த்தால் தெருவிளக்கு எரிகிறது, எதிர்வீட்டில் டிவி ஓடுகிறது. டார்ச்சை எடுத்துக்கொண்டு மெயின் பெட்டிக்குப் போனேன். கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் இஎல்சிபி விழுந்திருந்தது. தூக்கிவிட்டேன், நின்றது. கீசரைப் போட்டேன், கொஞ்ச நேரத்தில் மறுபடி டப்.

சொல்லப்போனால் ஒரு வருடமாகவே அது ஜாடை காட்டிக்கொண்டுதான் இருந்தது. சூடேறும்போது உள்ளே சோளம் பொரிகிற மாதிரி சத்தம். பக்கெட்டின் அடியில் முட்டை ஓட்டுத் துணுக்குகள் போல வெள்ளைச் செதில்கள். சில நாள் முதல் சொம்புத் தண்ணீர் லேசாகத் தேநீர் நிறத்தில் வரும். பைப்பு பழசு என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கோயம்புத்தூரில் பல வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு. சிறுவாணி நல்ல தண்ணி குடிக்க, சமைக்க. போர்வெல் உப்புத் தண்ணி குளிக்க, துவைக்க. எங்கள் கீசர் 2014-ல் மாட்டியதிலிருந்து உப்புத் தண்ணிதான் குடித்து வந்தது. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்க, கையில் இருந்த டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பார்த்தேன். போர் தண்ணீர் 1,640 காட்டியது. நல்ல தண்ணி நூறுகூட வரவில்லை.

சனிக்கிழமை

எம்சிபி என்கிற பிரேக்கர் சுவிட்சை இறக்கி, பிளக்கையும் பிடுங்கிவிட்டு அடிமூடியைக் கழற்றினேன். தண்ணீரைச் சூடாக்கும் சுருள் இருக்கிற எலிமென்ட்டின் இரண்டு முனைக்கும் நடுவே மல்டிமீட்டர் 27 ஓம் காட்டியது. 230 வோல்ட்டில் 2,000 வாட் என்றால் கணக்குப்படி 26.5 வர வேண்டும். ஆக, சுருள் அறுந்துபோகவில்லை. அடுத்து ஒரு முனைக்கும் டாங்க் உடம்புக்கும் நடுவே வைத்தேன். நல்ல எலிமென்ட் என்றால் மீட்டர் அசையவே கூடாது. இங்கே 6 கிலோ ஓம். அந்தக் கணக்கில் 230 வோல்ட்டுக்கு 38 மில்லி ஆம்ப் எர்த்துக்குக் கசியும். எங்கள் இஎல்சிபி 30 மில்லி ஆம்ப். பாவம், அது தன் வேலையைத்தான் செய்தது.

எலிமென்ட்டின் செம்புக் குழாய்க்குள் சுருளைச் சுற்றி ஒரு வெள்ளைப் பொடி அடைத்திருப்பார்கள். மெக்னீசியம் ஆக்சைடு. வெப்பத்தை விடும், கரண்ட்டை விடாது. ஆனால் குழாயில் மயிரிழை விரிசல் விழுந்து அதில் ஈரம் இறங்கிவிட்டால் கரண்ட்டையும் விட ஆரம்பித்துவிடும்.

எலிமென்ட்டைத்தானே மாற்ற வேண்டும், முடிந்தது வேலை என்று நினைத்தேன். கடைக்குப் போய் 650 ரூபாய்க்கு எலிமென்ட்டும் ரப்பர் கேஸ்கெட்டும் வாங்கி வந்தேன். முதலில் டாங்கைத் திறந்து பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். இதை எழுதும்போதும் அந்த 650 கொஞ்சம் உறுத்துகிறது.

ஞாயிற்றுக்கிழமை

உள்ளே வரும் வால்வை மூடிவிட்டு வெந்நீர்க் குழாயைத் திறந்தால் டாங்க் காலியாகிவிடும் என்று நினைப்பவர்கள் கவனிக்க: ஆகாது. சுவரில் மாட்டும் நெட்டைக் கீசரில் வெந்நீர் போகும் குழாய் உள்ளே டாங்கின் உச்சிவரை நீண்டிருக்கும். கீழே குளிர்ந்த தண்ணீர் வந்து தள்ளினால்தான் மேலே இருக்கும் சூட்டுத் தண்ணீர் அந்தக் குழாயில் வழிந்து வெளியேறும். தள்ள ஆள் இல்லையென்றால் பதினைந்து லிட்டரும் அப்படியே நிற்கும். குளிர்நீர்ப் பக்கம் இருக்கும் வால்வைக் கழற்றியதும்தான் இறங்கியது, என் சட்டை முழுக்க.

எலிமென்ட்டைத் தாங்கும் அடித்தட்டான பிளேஞ்சின் ஐந்து நட்டையும் கழற்றி இழுத்தேன், வரவில்லை. இன்னொரு இழுப்பில் பொலபொலவென்று ஒரு மக்கு நிறையச் சுண்ணாம்புச் செதில் கொட்டியது. எலிமென்ட், முறுக்குக்கு மாவு பூசிய மாதிரி விரல் தடிமனுக்கு வெள்ளையாக இருந்தது. ஸ்குரூடிரைவரால் தட்டியதும் ஒரு வில்லை உதிர்ந்தது. அதன் கீழே செம்பு பச்சை பூத்து, ஒரு இடத்தில் வெடித்திருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது வேறொன்று. எலிமென்ட்டுக்குப் பக்கத்தில் ஆனோடு கம்பி இருக்க வேண்டும், கட்டைவிரல் பருமனில் மெக்னீசியம். இரும்பை அரிக்க வருவதெல்லாம் முதலில் இதை அரித்துக்கொள்ளட்டும் என்று வைக்கும் பலியாடு அது. டாங்கின் உட்பக்கம் கண்ணாடிப் பூச்சு இருந்தாலும் அதில் எங்காவது ஒரு பொட்டு விட்டுப்போயிருக்கும். அந்தப் பொட்டைக் காப்பது ஆனோடுதான். எங்கள் கீசரில் அந்த மெக்னீசியம் மொத்தமும் கரைந்து, நடுவிலிருந்த மெல்லிய இரும்புக் கம்பி மட்டும் துடைப்பக்குச்சி மாதிரி நின்றது. உப்பு கூடின தண்ணீரில் அது சீக்கிரம் கரையும், ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை பார்த்து மாற்ற வேண்டும் என்று பிளம்பர் அண்ணன் பிறகு சொன்னார். பத்து வருடத்துக்கும் மேலாக நாங்கள் ஒருமுறைகூடத் திறந்ததில்லை.

டார்ச் அடித்து டாங்குக்குள் பார்த்தேன். வெல்டிங் ஓரம் முழுக்கத் துரு. பிளேஞ்ச் பக்கம் விரல் வைத்தால் வறட்டி மாதிரி ஏடு பெயர்ந்து வந்தது. வாசலில் நின்ற பிளம்பர் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“ஏனுங் தம்பி, இதுக்குப் போயி புது எலிமென்ட்டுங்களா? இன்னும் ரெண்டு மாசத்துல அடியில ஓட்டை விழுந்துருமுங்க.”

அம்மா கேஸ் அடுப்பில் அண்டா வைக்க ஆரம்பித்தார். போகிற போக்கில், “உங்க அப்பத்தா வெச்சிருந்த செம்பு பாய்லரு அம்பது வருசம் ஓடுச்சு கண்ணு” என்று ஒன்று போட்டார்.

திங்கள், செவ்வாய்

கடையில் ஸ்டார் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். கீசரின் ஸ்டார் என்பது, சூடாக்கிய தண்ணீரைச் சும்மா வைத்திருந்தால் ஒரு நாளில் எவ்வளவு கரண்ட் வீணாகிறது என்பதற்கான மதிப்பெண். நாள் முழுக்கப் போட்டு வைக்கிற வீட்டுக்கு அது பெரிய விஷயம். காலையில் கால் மணி நேரம் போட்டு அணைக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு அவ்வளவு இல்லை. 15 லிட்டரை 27 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 0.6 யூனிட் ஆகும். எத்தனை ஸ்டார் வாங்கினாலும் அது குறையாது. நான் பார்த்தது வேறு: ஆனோடு தடிமனாக இருக்கிறதா, தனியாகக் கழற்ற முடியுமா, டாங்குக்கு எத்தனை வருட வாரண்டி. கடைப் பையனிடம் ஆனோடு பற்றிக் கேட்டதும் உள்ளே போய் முதலாளியைக் கூட்டி வந்தான். கடைசியில் மறுபடி 15 லிட்டரே எடுத்தேன். 25 லிட்டர் என்றால் தினமும் ஒரு யூனிட் பக்கம் போகும், எங்கள் மூன்று பேருக்கு அது தேவையில்லை.

பழைய எலிமென்ட் புதியதற்குப் பொருந்தாது. திருப்பி எடுப்பார்களா என்று கேட்டேன். முதலாளி சிரித்தார்.

புதன்கிழமை

பழைய போல்ட்டுக்கும் புதிய கீசரின் துளைக்கும் நான்கு விரல் வித்தியாசம். அதனால் டைல்ஸில் புதுத் துளை. டைல்ஸ் மேல் செலோடேப் ஒட்டி, டிரில்லை அடிக்கும் மோடில் போடாமல் வெறும் சுழற்சியில் முதலில் டைல்ஸைத் தாண்டிவிட்டு, செங்கல் வந்த பிறகுதான் ஹேமரைப் போட்டேன். விரிசல் இல்லை. தண்ணீரோடு சேர்த்து இருபத்தைந்து கிலோவாவது தொங்கப்போகிறது, அதனால் ஆங்கர் போல்ட் இறுகிய பிறகு நானே இரண்டு கையாலும் பிடித்துத் தொங்காத குறையாக இழுத்துப் பார்த்தேன்.

பிளக்கைப் பார்த்தபோதுதான் இன்னொரு வம்பு தெரிந்தது. 16 ஆம்ப் பிளக்கின் ஒரு பின் கறுத்து, அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் இளகியிருந்தது. 2,000 வாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்ப்தான், அந்த பாயிண்ட் தாங்க வேண்டும். உள்ளே திருகு தளர்ந்து போனதால் வந்த சூடு. இதற்கு மட்டும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். சாக்கெட்டை எடுத்துவிட்டு எம்சிபியோடு, ஏசிக்கு வைக்கும் பாக்ஸ் ஒன்று வைத்தார். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 228 வோல்ட் வந்தது. “எர்த் நல்லாருக்குதுங்க, கோடைல மட்டும் குழிக்கு ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க” என்றார்.

பைப்பு வேலை என்னுடையது. மரையை நம் முகத்துக்கு நேரே பிடித்து டெஃப்லான் டேப்பைக் கடிகாரம் சுற்றும் பக்கமாகச் சுற்ற வேண்டும், இல்லையென்றால் இறுக்கும்போது பிரிந்து வந்துவிடும். நீல வளையம் குளிர்ந்த தண்ணீர் உள்ளே வரும் பக்கம், சிவப்பு வெந்நீர் வெளியே போகும் பக்கம். நீலத்தில், அழுத்தம் கூடினால் வெளியே விடும் பிரஷர் வால்வு. அது இல்லாமல் மாட்டினால் வாரண்டி கிடையாது என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. ஒரு ஸ்பானரால் கீசர் நிப்பிளைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் திருகினேன். அப்படிப் பிடிக்காமல் திருகினால் நிப்பிளே திரும்பும்.

அப்புறம், சுவிட்ச் போடும் முன் வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்தேன். முதலில் புஸ்ஸென்று காற்று, பிறகு விட்டு விட்டுத் தண்ணீர், பிறகு ஒரே சீராக. அது வந்த பிறகுதான் சுவிட்ச். தண்ணீர் இல்லாத டாங்கில் எலிமென்ட் சில நிமிடத்தில் கருகிவிடும். பதினெட்டு நிமிடத்தில் விளக்கு அணைந்தது. இஎல்சிபி அசையவில்லை.

இரவு கீசருக்கு நேர் கீழே பழைய செய்தித்தாளை விரித்துவிட்டுப் படுத்தேன்.

வியாழன், வெள்ளி

காலையில் தாளில் எட்டணா அளவுக்கு ஒரு ஈர வட்டம். சிவப்புப் பக்கத்து நட்டு. கால் சுற்று இறுக்கி, புதுத் தாள் போட்டேன். வெள்ளி காலை தாள் காய்ந்தே இருந்தது.

கீசருக்கு மட்டும் சிறுவாணித் தண்ணீரை இழுத்துவிடலாமா என்று வீட்டில் கேட்டுப் பார்த்தேன். “நல்ல தண்ணியக் குளிக்கறதுக்கு ஊத்தறதா?” என்று அம்மா கேட்ட தொனியில் அந்தத் திட்டம் அங்கேயே முடிந்தது. சரி, உப்புத் தண்ணியே. சூட்டை 55-க்குக் குறைத்து வைத்திருக்கிறேன். தண்ணீர் எவ்வளவு கொதிக்கிறதோ அவ்வளவு சுண்ணாம்பு படியும். மூடியின் உட்பக்கம் மார்க்கரால் மாட்டிய தேதியை எழுதியிருக்கிறேன். அடுத்த மார்கழிக்கு முன்னால் ஆனோடைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

பழைய கீசரை எடுக்க வந்த பழைய இரும்புக்காரர் அதைத் தூக்கிக் குலுக்கினார். உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டது. “என்னங்க சாமி, உள்ள கல்லு வெச்சிருக்கீங்க?” என்று கேட்டு, எடையில் ஒரு கிலோ கழித்துக்கொண்டார். 650 ரூபாய் எலிமென்ட் பரணில் டப்பாவோடு இருக்கிறது. அதே மாடல் வைத்திருக்கும் யாராவது கோவைப் பக்கம் இருந்தால் பாதி விலைக்குத் தருகிறேன்.