2013 பிட்காயின் வாலட்ல பேலன்ஸ் ஜீரோன்னு காட்டுதா? நாங்க மீட்டது இப்படித்தான்

எங்க அக்கா வீட்டுக்காரர் 2013ல சிங்கப்பூர்ல வேலை பார்த்தப்ப கொஞ்சம் பிட்காயின் வாங்கி வச்சிருந்தாரு. கூடவே அப்ப ஃபாசெட்னு சில சைட் இருந்துச்சு, கேப்சா அடிச்சா சும்மாவே துளித்துளியா காயின் குடுப்பாங்க, அதுலயும் சேர்த்திருக்காரு. எல்லாம் பிட்காயின்-க்யூடி வாலட்ல (கம்ப்யூட்டர்ல பிட்காயினை வச்சுக்கற சாஃப்ட்வேர்). லேப்டாப் எப்பவோ போயிடுச்சு, ஹார்ட் டிஸ்க் மட்டும் பரண்ல கிடந்துச்சு. 2024ல அதை எடுத்து மாட்டி பார்த்துட்டு "மாப்ள, ஜீரோன்னு காட்டுது, எல்லாம் போச்சு போல"ன்னு ஃபோன் பண்ணாரு. போகல மாமா, எதையும் தொடாம அப்படியே வைங்கன்னு சொல்லிட்டு கிளம்பி போனேன்.

முதல்ல ஒன்னு புரிஞ்சுக்கணும். காயின் வாலட் ஃபைலுக்குள்ள இல்ல, அது பிளாக்செயின்ல, அதாவது எல்லா பரிமாற்றமும் பிளாக் பிளாக்கா பதிவாகற பொது கணக்கு புத்தகத்துல இருக்கு, ஃபைல்ல இருக்கறது சாவி மட்டும்தான். அதனால அந்த வாலட் டாட் டேட் (wallet.dat) ஃபைல் பத்திரமா இருந்தா பாதி வேலை முடிஞ்சுது. விண்டோஸ்ல ஆப்டேட்டாவுக்குள்ள ரோமிங், அதுக்குள்ள பிட்காயின்னு ஒரு ஃபோல்டர், அங்கதான் இருந்துச்சு. ரெண்டு பென்டிரைவ்ல காப்பி எடுத்துட்டு பழைய டிஸ்கை கழட்டி வச்சாச்சு, அதுக்கப்புறம் எல்லாமே காப்பியிலதான்.

ஜீரோ காட்டுனதுக்கு காரணம் ரொம்ப சாதாரணம், சாஃப்ட்வேர் இன்னும் சிங்க் ஆகல, அவ்ளோதான். 2009லேர்ந்து எல்லா பிளாக்கையும் இறக்கி சரிபார்த்தாதான் அதுக்கு பேலன்ஸ் தெரியும். முழு செயின் 500 ஜிபிக்கு மேல, எங்க லேப்டாப்ல அவ்ளோ இடம் இல்ல, அதனால பிட்காயின் கோர்ல (பிட்காயின்-க்யூடியோட இப்போதைய பேரு) ப்ரூன் ஆப்ஷன் போட்டோம், பழைய பிளாக்கை பார்த்து முடிச்சதும் அதுவே அழிச்சுடும். ஆனா இதுல ஒரு விஷயம், வாலட் ஃபைலை சிங்க் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே உள்ள வச்சுடணும், அழிச்ச பிளாக்கை திரும்ப தேட முடியாது, மறுபடி முதல்லேர்ந்து இறக்கணும். ஆரம்ப வருஷ பிளாக்லாம் சின்னது, சீக்கிரம் ஓடிடும். "இன்னும் 10 வருஷம் பாக்கி"ன்னு திரையில ஓடிட்டு இருக்கும்போதே 2013ஐ தாண்டுச்சு, ஜீரோ மாறி நம்பர் வர ஆரம்பிச்சுது. மாமா எழுந்து போய் அக்காவை கூட்டிட்டு வந்து காட்டுனாரு.

அடுத்தது பாஸ்வேர்ட், உயிரை எடுத்தது இதுதான். இதுக்கு ஓடிபி, "ஃபர்காட் பாஸ்வேர்ட்" எதுவும் கிடையாது. ஆனா எத்தனை தடவை தப்பா போட்டாலும் லாக் ஆகாது, அது நமக்கு நல்லது. மாமாவை உட்கார வச்சு அந்த காலத்துல மெயிலுக்கு, பேங்குக்குலாம் எந்த மாதிரி பாஸ்வேர்ட் வைப்பீங்கன்னு பேச்சு குடுத்துக்கிட்டே இருந்தேன். ஊர் பேரு, பைக் நம்பர், கடைசில ஒரு குறின்னு ஒரு பழக்கம் தெரிஞ்சுது. அந்த துண்டுகளை எல்லாம் ஒரு லிஸ்டா எழுதி பிடிசி-ரிகவர்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் டூல்ல குடுத்து, வைஃபையை ஆஃப் பண்ணிட்டு ஓட விட்டோம். ஊர் பேர்ல முதல் எழுத்து கேப்பிட்டல், கடைசில ஆச்சரியக்குறி, அதுதான் விடை. இந்த மாதிரி வாலட்ல ஒவ்வொரு யூகத்தையும் சோதிக்க நேரம் எடுக்கும், அதனால குருட்டுத்தனமா எல்லா எழுத்தையும் போட்டு பார்க்க முடியாது, ஞாபகத்துல ஒரு நுனியாவது வேணும்.

இதுக்கு நடுவுல மாமா ஒரு டெலிகிராம் குரூப்ல சந்தேகம் கேட்டிருக்காரு, உடனே ஒருத்தன் தனியா மெசேஜ் பண்ணி "ஃபைலை அனுப்புங்க, வேலிடேட் பண்ணி தர்றேன்"னான். தயவுசெஞ்சு யாருக்கும் ஃபைலையோ, வேற வாலட்ல சாவிக்கு பதிலா இருக்கற 12 வார்த்தையையோ குடுக்காதீங்க. வேலிடேட்னு ஒரு வேலையே கிடையாது, சாவியை வாங்கினவன் காயினை எடுத்துட்டு போயிடுவான், திரும்ப வாங்க வழியே இல்ல.

அனுப்பறதுல வேற சிக்கல். விக்கறதுக்கு காயினை எக்ஸ்சேஞ்சுக்கு (பிட்காயினை வாங்கி விக்கற சைட்) அனுப்பணும், அவங்க குடுத்த அட்ரஸ் பிசி1ன்னு (bc1) ஆரம்பிக்கும், 2013 சாஃப்ட்வேர் அதை செல்லாத அட்ரஸ்னுதான் சொல்லும், ஏன்னா அந்த வகை 2017ல செக்விட்னு பிட்காயின்ல ஒரு அப்டேட் வந்தப்புறம்தான் புழக்கத்துக்கே வந்துச்சு. புது பிட்காயின் கோர்ல பிரச்சனை இல்ல. சின்னதா ஒரு தொகை அனுப்பி போய் சேர்ந்ததை பார்த்துட்டு, பெருசை அனுப்பினோம், அது நேரா ஏப்ரல் 20 ஹாவிங் (புது காயின் வெளியாகற அளவு பாதியா குறையறது) நேரத்துல போய் மாட்டிக்கிச்சு. அன்னைக்கு ஃபீஸ், அதாவது காயின் அனுப்ப நெட்வொர்க்குக்கு குடுக்கற கட்டணம், எகிறிடுச்சு, எங்களுது எந்த பிளாக்லயும் ஏறாம அன்கன்ஃபர்ம்டுலயே நிக்குது, மாமாவுக்கு தூக்கமே இல்ல. இதுலயும் காசு எங்கயும் போகாது, வழக்கமா 14 நாள் பார்த்துட்டு நெட்வொர்க்ல இருக்கற கம்ப்யூட்டருங்க அதை மறந்துடும், காயின் நம்மகிட்டயே நிக்கும். நாங்க அவ்ளோ நாள் காத்திருக்கல, அந்த ட்ரான்சாக்‌ஷன் மேல ரைட் கிளிக் பண்ணி ஃபீஸை ஏத்தினோம், அடுத்த சில பிளாக்ல ஏறிடுச்சு.

ஃபீஸ் தொகைக்கு இல்ல, அனுப்பற தகவலோட சைஸுக்கு, இது நிறைய பேருக்கு தெரியல. பழைய அட்ரஸ்ல ஒரு துளியை எடுத்து செலவு பண்ண 148 பைட் ஆகும், பைட்டுக்கு 200 சட்டோஷின்னா (பிட்காயினோட மிகச்சின்ன அலகு) 29,600 சட்டோஷி போயிடும், ஃபாசெட் துளியில பாதிக்கு மேல அந்த அளவே கிடையாது. அதனால செட்டிங்ஸ்ல காயின் கன்ட்ரோலை ஆன் பண்ணி காசு குடுத்து வாங்குன காயினை மட்டும் டிக் பண்ணிதான் அனுப்பினோம்.

இந்தியாவுல விக்கும்போது லாபத்துல 30% வரி, மேல செஸ், 1% டிடிஎஸ், இதெல்லாம் 2022லேர்ந்து இருக்கு. 2013 மெயில்ல வாங்குன ரசீது கிடைச்சா எடுத்து வைங்க, வாங்குன விலையை மட்டும்தான் கழிக்க விடுவாங்க.

இப்ப புதுசா ஆரம்பிக்கறவங்க கவனிங்க, பிட்காயின் கோர் 30வது வெர்ஷன்லேர்ந்து இந்த பழைய வகை வாலட்டை நேரா திறக்காது, மைக்ரேட் பண்ணணும், அதாவது புது வகை வாலட்டா மாத்தணும். அதையும் காப்பியிலயே பண்ணுங்க.