பிளாசியாரும் பொலிக்கார்ப்பும்

மலையகத்துக் கத்தோலிக்கர் அந்தோனியாரையும் செபஸ்தியாரையும் அறிந்த அளவுக்கு ஆதித் திருச்சபையின் ஆயர்களை அறிந்ததில்லை. அந்த ஆயர்களுள் பிளாசியார் மட்டும் ஆண்டுக்கொரு முறை எங்கள் கழுத்தைத் தொட்டுப் போகிறார். பெப்ரவரி 3 ஆம் திகதி மாலைத் திருப்பலி முடிந்ததும் பங்குத்தந்தை, முந்திய நாள் மந்திரித்த இரண்டு மெழுகுதிரிகளைச் சிவப்பு நாடாவால் குறுக்காகக் கட்டி, ஒவ்வொருவர் தொண்டையிலும் பொருத்தி, ஆயரும் மறைசாட்சியுமான அவரது பரிந்துரையால் நோய் அண்டாதிருக்கச் செபிக்கிறார். நுவரெலியாப் பக்கம் தேயிலைத் துளிர் உறைபனியில் கருகும் காலம் அது. கொழுந்து பறித்துவிட்டு வந்த பெண்கள் இருமிக்கொண்டே வரிசையில் நிற்பார்கள்.

பிளாசியார், இன்று துருக்கியில் சிவாஸ் எனப்படும் செபஸ்தே நகரின் ஆயர். ஏறத்தாழ 316 இல் கொல்லப்பட்டார் என்பது மரபு. தொண்டையில் மீன்முள் சிக்கிய சிறுவனைக் காப்பாற்றிய கதை பிற்காலத்தில் எழுதப்பட்டது.

இன்று துருக்கியில் இஸ்மிர் எனப்படும் ஸ்மிர்னாவின் ஆயர் பொலிக்கார்ப்பின் செய்தி அப்படிப்பட்டதன்று. சுமார் 155 இல் அவர் கொல்லப்பட்ட விதத்தை அவருடைய சபையாரே பிலோமேலியம் சபைக்குக் கடிதமாக எழுதினர். பிடிக்க வந்தவர்களுக்கு உணவும் பானமும் வைக்கச் சொல்லிவிட்டு, செபிக்க ஒரு மணி நேரம் கேட்ட அந்த முதியவர், நின்றபடியே இரண்டு மணி நேரம் செபித்தார். (வாசலுக்கு வந்தவரைத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பாத எங்கள் சனத்துக்கு அவரை உடனே பிடித்துப்போகும்.) கிறிஸ்துவைப் பழிக்கச் சொன்ன ஆளுநரிடம், 86 ஆண்டுகளாகத் தாம் ஊழியம் செய்தும் தமக்கு ஒரு தீங்கும் செய்யாத அரசரை எவ்வாறு பழிப்பது என்று கேட்டார். உடல் எரிந்தபின் அவருடைய எலும்புகளைப் பொன்னினும் மணியினும் மேலாக மதித்து எடுத்து வைத்ததாகவும், ஆண்டுதோறும் அங்கே கூடி அவர் மறைசாட்சியான நாளைப் பிறந்தநாளாகக் கொண்டாடப்போவதாகவும் சபையார் எழுதினர். அவரைப் புனிதராக்கியது அந்தக் கூட்டம்தான். திருத்தந்தை ஒருவர் முறைப்படி புனிதர் பட்டம் வழங்கியதாக அறியப்படும் முதல் நிகழ்வு 993 இல் நடந்தது. அதைப் பெற்ற, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்து ஊல்ரிக்கும் ஓர் ஆயரே.

இத்தகைய ஒருவரை எங்கள் பங்குகளில் பலர் அறியாதிருப்பது எனக்குக் குறையாகவே படுகிறது. அவரது நினைவுநாளான பெப்ரவரி 23 பல ஆண்டுகளில், புனிதர் நினைவுகள் சுருக்கப்படும் தவக்காலத்துக்குள் விழுவதால் ஒரு மன்றாட்டோடு கடந்துபோகிறது. ஆயினும் குருக்கள் அன்று செபிக்கும் திருப்புகழ்மாலையில், அதாவது அவர்களது அன்றாடச் செபநூலில், அந்தக் கடிதத்தின் ஒரு பகுதி உள்ளது. அதையே மறையுரையில் மக்களுக்கும் வாசித்துக் காட்டலாம்.